சைக்கிள் ஓட்டுறவங்களுக்கும் ஹெல்மெட் சட்டம் வேணுமா? வேலூர்ல இருந்து ஒரு விரிவான பதில்

கேள்வி கேட்டவங்க ஒரு காலேஜ் பையனோட அக்கா. தம்பி சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்ல சைக்கிள்ல போகும்போது எதிர்ல ராங் சைடுல வந்த பைக்குக்கு ஒதுங்கி மண்ணுல சறுக்கி விழுந்துட்டான், மண்டையில தையல் போட்டிருக்கு. பைக்குல ஹெல்மெட் இல்லன்னா ஆயிரம் ரூபா ஃபைன் போடுறாங்க, சைக்கிளுக்கு மட்டும் ஏன் சட்டம் இல்ல, தலை எல்லாருக்கும் ஒரே தலைதானேன்னு கேக்குறாங்க.

நான் பிசியோதெரபிஸ்ட், தலைல அடிபட்டு வர்றவங்கள திரும்ப நடக்க வைக்கிறதுதான் என் வேலைல பெரும்பகுதி, அதோட நானே வேலைக்கு சைக்கிள்லதான் போறேன். அதனால நேரா சொல்லிடுறேன். சைக்கிள் ஓட்டுற எல்லாரும் ஹெல்மெட் போடணும்னு நான் மனசார சொல்றேன், ஆனா பெரியவங்க போடலன்னா ஃபைன் போடுற சட்டம் நம்ம ஊருக்கு வேணாம்னும் அதே மனசோட சொல்றேன். இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரண்னு தோணும், முழுசா படிங்க.

அதுக்கு முன்னாடி தம்பி விஷயம். தையல் போட்டாச்சுன்னு விட்டுடாதீங்க. காதுக்கு மேல இருக்குற பொட்டு எலும்பு ரொம்ப மெல்லிசு, அதுக்கு உள்பக்கம் ஒரு ரத்தக்குழாய் ஓடுது, அங்க விரிசல் விட்டா ரத்தம் உள்ள சேர ஆரம்பிக்கும், ஆனா ஆள் முதல்ல சில மணி நேரம் நல்லா பேசிக்கிட்டு, டீ குடிச்சுக்கிட்டு சாதாரணமாத்தான் இருப்பான். தலைவலி ஏறிக்கிட்டே போறது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினா எழுந்திருக்காத தூக்கம், பேச்சு குழர்றது, ஒரு கண்ணுப் பாப்பா மட்டும் பெருசா தெரியறது, வலிப்பு, ஒரு பக்கம் கை கால் பலம் குறையறது, மூக்குல காதுல தண்ணி மாதிரி ஒழுகறது, இதுல ஒண்ணு வந்தாலும் யாரையும் கேக்காம அப்பவே கூட்டிட்டு ஓடுங்க, சி.டி. ஸ்கேன் எடுக்கணும். நம்ம ஊருக்கு இதுல ஒரு குடுப்பினை இருக்கு, இந்தியாவுலயே முதல் நியூரோசர்ஜரி டிபார்ட்மெண்ட்ட டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல நம்ம சி.எம்.சி. ஆஸ்பத்திரிலதான் ஆரம்பிச்சாரு. அப்புறம் கார் ஆக்சிடெண்ட்ல தண்டுவடம் அடிபட்டு வீல்சேர்லயே இருந்து ஆபரேஷன் பண்ண டாக்டர் மேரி வர்கீஸ், 1966-ல பாகாயத்துல மறுவாழ்வு மையத்த உண்டாக்கினாங்க. அடிபட்டவங்கள தூக்கி நிறுத்தற வேலைய இந்த ஊரு ரொம்ப காலமா பண்ணிக்கிட்டு இருக்கு, அடிபடாம தடுக்கற வேலைலதான் பின்தங்கியிருக்கோம்.

சரி, ஹெல்மெட் நெஜமாவே வேலை செய்யுதா? செய்யுது. எப்படின்னு புரிஞ்சா எந்த இடத்துல செய்யாதுன்னும் புரியும். சைக்கிள் ஹெல்மெட்டுக்குள்ள இருக்கறது டிவி, ஃபிரிட்ஜ் பொட்டில வர்ற தெர்மாகோல் வகையறாதான், கொஞ்சம் அடர்த்தியா இருக்கும் அவ்ளோதான். தலை தரையில மோதும்போது அந்த தெர்மாகோல் நசுங்கி, தலை நிக்கறதுக்கு ரெண்டு சென்டிமீட்டர் தூரம் குடுக்குது, அது இல்லன்னா தோலோட கனம் மட்டும்தான், சில மில்லிமீட்டர்ல தலை நின்னாகணும், உள்ள மூளை போய் எலும்புல இடிக்கும். நெறைய பேரு "நான் மெதுவாத்தான் சார் போறேன், எனக்கு எதுக்கு"ன்னு சொல்றாங்க இல்ல, அங்கதான் கணக்கு தப்புது. சைக்கிள் நின்னுக்கிட்டே இருந்து சாஞ்சு விழுந்தாலும், ஒன்றரை மீட்டர் உயரத்துல இருந்து விழற தலை தரையத் தொடும்போது மணிக்கு சுமார் 19 கிலோமீட்டர் வேகத்துல இருக்கும், அது நீங்க எவ்ளோ வேகமா மிதிச்சீங்கங்கறத பொறுத்தது இல்ல, எவ்ளோ உயரத்துல இருந்து விழறீங்கங்கறத பொறுத்தது. ஐரோப்பாவுல சைக்கிள் ஹெல்மெட்ட டெஸ்ட் பண்றதும் கிட்டத்தட்ட இதே வேகத்துலதான்.

இதே கணக்க திருப்பிப் போடுங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற லாரி இடிச்சா, மோதல் சக்தி வேகத்தோட வர்க்கமா ஏறும்ங்கறதால ஹெல்மெட்ட டெஸ்ட் பண்ண சக்தியப் போல ஒன்பது மடங்குக்கு மேல வரும். நெஞ்சு, இடுப்பு, வயிறு எல்லாம் வேற நசுங்கும். அங்க தெர்மாகோல் என்ன பண்ணும்.

ஆய்வுகளும் இதத்தான் சொல்லுது. 1989-ல அமெரிக்காவுல சியாட்டில்ல பண்ண ஒரு ஆய்வு, ஹெல்மெட் தலைக்காயத்த 85 சதவீதம் குறைக்குதுன்னு சொல்லிச்சு, ரொம்ப வருஷம் எல்லா போஸ்டர்லயும் அந்த நம்பர்தான். அப்புறம் வந்தவங்க அது கொஞ்சம் மிகைன்னு காட்டினாங்க. 2016-ல ஆஸ்திரேலியாவுல ஆலிவியர், கிரெய்ட்டன்னு ரெண்டு பேரு, அடிபட்ட 64,000 சைக்கிள்காரங்களோட தகவல் இருக்குற 40 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தாங்க, ஹெல்மெட் போட்டவங்களுக்கு தலைக்காய வாய்ப்பு 51 சதவீதம் கம்மி, தீவிர தலைக்காயம் 69, உயிர் போற தலைக்காயம் 65 சதவீதம் கம்மின்னு வந்துச்சு, கழுத்துக்கு ஹெல்மெட்டால கெடுதல்னு சொல்ற பேச்சுக்கும் அதுல ஆதாரம் கெடைக்கல. நான் வார்டுல பாக்கறதோட இது ஒத்துப்போகுது. பேரு மறக்கறவங்க, காசு எண்ணத் தெரியாமப் போனவங்க, சாம்பார் வாசனையே தெரியாதவங்க, எதுக்குன்னே தெரியாம பொண்டாட்டி புள்ளைங்க மேல கோவப்படறவங்க, இவங்கள தினம் பாக்கற ஒருத்தன் ஹெல்மெட் வேணாம்னு சொல்ல மாட்டான்.

ஆனா "ஹெல்மெட் நல்லது"ங்கறதும் "ஹெல்மெட் போடாதவன போலீஸ் புடிக்கணும்"ங்கறதும் ஒரே பேச்சு இல்ல. இங்கதான் எல்லாரும் ஒரே தாவா தாவிடறாங்க.

முதல்ல சட்டம் எங்க நிக்குதுன்னு பாப்போம். பைக்குக்கு ஹெல்மெட்னு சொல்றது 1988 மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 129. 2019 திருத்தத்துக்கு அப்புறம் நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் அது பொருந்தும். மீறினா பிரிவு 194-டி, ஆயிரம் ரூபா ஃபைன், மூணு மாசம் லைசென்ஸ் ரத்து. சைக்கிள் மோட்டார் வாகனமே இல்ல, அதனால இதுல எதுவும் சைக்கிளத் தொடாது. சைக்கிளுக்கு நம்பர் பிளேட் இல்ல, ஆர்.சி. இல்ல, லைசென்ஸ் இல்ல, கேமரா புடிச்சு வீட்டுக்கு இ-சலான் அனுப்ப வழி இல்ல. அப்ப சட்டம் போட்டா அது நடக்கற ஒரே விதம், ரோட்டுல நிக்கற போலீஸ்காரரு கையக் காட்டி நிறுத்தி, அந்த எடத்துலயே காசு கேக்கறது. யாரை நிறுத்துவாங்க? பழைய ஆளுங்களக் கேளுங்க, ஒரு காலத்துல சைக்கிளுக்கு முனிசிபாலிட்டி பில்லை வாங்கணும், டைனமோ லைட் எரியலன்னா புடிப்பாங்க, டபுள்ஸ் போனா புடிப்பாங்க, காத்தப் புடுங்கி விடுவாங்க. யாருகிட்ட அது நடந்துச்சு? பெட்ரோல் போட வக்கில்லாதவங்ககிட்டதான்.

இப்பவும் வேலூர்ல சைக்கிள்ல யாரு போறாங்கன்னு காலைல அஞ்சு மணிக்கு பாலாத்துப் பாலத்துல நின்னு பாருங்க. விருதம்பட்டுல இருந்து கேன் மாட்டிட்டு வர்ற பால்காரரு, நேதாஜி மார்க்கெட்டுக்கு கீரைக்கட்டு, கத்திரிக்கா மூட்டைய பின்னாடி கட்டிட்டு வர்றவங்க, ஓட்டல்ல பாத்திரம் கழுவப் போறவங்க, ராத்திரி வாட்ச்மேன் டியூட்டி முடிச்சு திரும்பறவங்க. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கம் போனா தோல் ஷாப்புக்கு ஷிப்ட் போறவங்க. எனக்குத் தெரிஞ்ச ஒரு காய்க்காரரு, அறுபது வயசு தாண்டினவரு, அவர்கிட்ட நான் ஹெல்மெட் பத்தி பேசினப்ப, "இன்னா சார், நான் ஒரு நாள் முழுக்க வித்தா கையில நிக்கறதே ஐநூறு ரூவா, அதுல தலைக்கு தொப்பி வாங்கவா, வூட்டுக்கு அரிசி வாங்கவா, துண்ட கட்டிகினு போய்கினு கீறேன், உட்டுடு"ன்னாரு. ஓரளவு நல்ல சைக்கிள் ஹெல்மெட் ஆயிரம் ரூபா பக்கம் வருது. இவர்மேல ஃபைன் போட்டு நாம யாரைக் காப்பாத்தப் போறோம்? ரெண்டு தடவ புடிச்சா அவரு சைக்கிள விட்டுட்டு தலைச்சுமையா நடப்பாரு, அதே ரோட்டுல, அதே லாரி பக்கத்துல.

இது என் கற்பனை பயம் இல்ல, வெளிநாட்டுல நடந்திருக்கு. அதே சியாட்டில் ஊர்ல, ஹெல்மெட் ஆய்வுக்கே பேரு போன ஊர்ல, பெரியவங்களுக்கும் கட்டாயம்னு ரொம்ப வருஷம் சட்டம் இருந்துச்சு. யாருக்கு ஃபைன் போகுதுன்னு கணக்கெடுத்தப்ப வீடில்லாம தெருவுல இருக்கறவங்களும் கறுப்பின மக்களும்தான் அவங்க எண்ணிக்கைக்கு மீறி மாட்டியிருந்தாங்க, 2022 பிப்ரவரில அந்த சட்டத்தையே எடுத்துட்டாங்க. ஹெல்மெட் நல்லதுன்னு அன்னிக்கும் சொல்லிக்கிட்டேதான் எடுத்தாங்க.

உலகத்துல முதல்ல முழுசா கட்டாயம் ஆக்கினது ஆஸ்திரேலியா, விக்டோரியா மாநிலத்துல 1990 ஜூலை 1, அப்புறம் 1992-க்குள்ள மத்த மாநிலங்களும், 1994-ல நியூசிலாந்து. அங்க தலைக்காயம் குறைஞ்சுது, அது உண்மை. ஆனா அதே நேரத்துல சைக்கிள் ஓட்டறதும், முக்கியமா பெரிய கிளாஸ் பசங்க ஓட்டறது, குறைஞ்சுதுன்னு கணக்கெடுப்புல தெரிஞ்சுது, எவ்ளோ குறைஞ்சுது, சட்டத்தாலயா வேற காரணத்தாலயான்னு முப்பது வருஷமா சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. இஸ்ரேல் 2007-ல சட்டம் போட்டு 2011-ல ஊருக்குள்ள ஓட்டற பெரியவங்களுக்கு விலக்கு குடுத்துடுச்சு. மெக்சிகோ சிட்டி 2010-ல எடுத்துடுச்சு. ஸ்வீடன் 15 வயசுக்குக் கீழ மட்டும், பிரான்ஸ் 12 வயசுக்குக் கீழ மட்டும். ஜப்பான் 2023 ஏப்ரல்ல இருந்து எல்லா வயசுக்கும் "முயற்சி எடுத்துப் போடணும்"னு சட்டத்துல எழுதி, ஆனா தண்டனை எதுவும் இல்லாம வெச்சிருக்கு, எனக்கு இது புடிச்ச வழி.

நெதர்லாந்து கதை வேற. அங்க 1971-ல மட்டும் ரோட்டுல 3,300 பேர் செத்தாங்க, அதுல 400-க்கு மேல கொழந்தைங்க. அம்மா அப்பாங்க ரோட்டுல உக்காந்து போராடினாங்க, "குழந்தைக் கொலையை நிறுத்து"ன்னு இயக்கத்துக்கே பேரு வெச்சாங்க. அவங்க கேட்டது ஹெல்மெட் இல்ல, வண்டி வேகத்தக் குறை, சைக்கிளுக்குத் தனி வழி குடுன்னு கேட்டாங்க, போராட்டமும் பெட்ரோல் தட்டுப்பாடும் சேந்து அரசாங்கம் அந்த வழிக்கு வந்துச்சு. இன்னிக்கு அந்த நாட்டுல நாலுல ஒரு பயணத்துக்கு மேல சைக்கிள்லதான், ஹெல்மெட் போடறவங்க ரொம்பக் கம்மி, கிலோமீட்டர் கணக்குல பாத்தா உலகத்துலயே சைக்கிள்ல சாவு கொறஞ்ச நாடுகள்ல அது ஒண்ணு. அதுக்காக ஹெல்மெட் தேவையில்லன்னு இல்ல, இப்ப அங்கயும் வயசானவங்க இ-பைக்கு ஓட்டி விழறது கூடி, டாக்டருங்களே ஹெல்மெட் போடுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

நம்ம நாட்டுக் கணக்கு 2022-ல ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் டூவீலர், 19.5 சதவீதம் நடந்து போனவங்க, சைக்கிள்காரங்க கிட்டத்தட்ட மூணு சதவீதம். மூணு சதவீதம்னா சின்னதுன்னு நெனைக்காதீங்க, அது வருஷத்துக்கு நாலாயிரத்துக்கு மேல உசுரு. அதே வருஷம் ஹெல்மெட் இல்லாம பைக்குல போய் செத்தவங்க 50,029 பேர். நம்பர் பிளேட்டு, லைசென்ஸ், இன்சூரன்ஸ், கேமரா எல்லாம் இருக்கற பைக்குக்கே சட்டம் இந்த லட்சணத்துல நடக்குது. 2015 ஜூலை 1-ல இருந்து கட்டாயம்னு ஹைகோர்ட் உத்தரவு வந்தப்ப என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? கடையில விலை எகிறிடுச்சு, ரோட்டோரத்துல குவிச்சுப் போட்டு வித்தாங்க, ஜனங்க தலையக் காப்பாத்த வாங்கல, போலீஸ்கிட்ட இருந்து தப்பிக்க வாங்கினாங்க, இன்னிக்கும் பாதிப் பேரு அத பெட்ரோல் டேங்க் மேல வெச்சுக்கிட்டுதான் நம்ம கிரீன் சர்க்கிள் ரவுண்டானாவ தாண்டறாங்க. ஐ.எஸ்.ஐ. இல்லாத டூவீலர் ஹெல்மெட் விக்கக் கூடாதுங்கற உத்தரவே 2021 ஜூன்லதான் அமலுக்கு வந்துச்சு. சைக்கிளுக்கும் சட்டம் போட்டா நூத்தம்பது ரூபா பிளாஸ்டிக் சட்டிதான் வரும், உள்ள தெர்மாகோல் கூட இருக்காது.

அப்ப தம்பி விழுந்த அந்த சர்வீஸ் ரோட்டுக்கு வருவோம். அவன் ஏன் விழுந்தான்? ராங் சைடுல ஒரு பைக்கு வந்துச்சு, ஓரத்துல மண்ணு கிடந்துச்சு. என்.ஹெச். 48-ல சத்துவாச்சாரில இருந்து வாலாஜா வரைக்கும் இதே கதைதான், எதிர்ப்பக்கம் போக அடுத்த அண்டர்பாஸ் வரைக்கும் சுத்தணும்னு எல்லாரும் சர்வீஸ் ரோட்டுல எதிர்த்து வர்றாங்க, அதே சர்வீஸ் ரோட்டுல டவுன் பஸ்ஸு, ஷேர் ஆட்டோ, நிறுத்தி வெச்ச லாரி, பாதாள சாக்கடைக்குத் தோண்டி சரியா மூடாத பள்ளம். நடந்து போறவங்களும் சைக்கிளும் கலந்து போற தெருவுல வேகம் 30-ஐ தாண்டக் கூடாதுன்னு 2020-ல ஸ்டாக்ஹோம்ல கூடின உலக மாநாடே சொல்லிச்சு. நம்ம ஆபீசர்ஸ் லைன்லயும் காட்பாடி ரோட்லயும் ஸ்கூல் விடற நேரத்துல ஒரு போர்டாவது இருக்கா? சைக்கிள்காரன் தலைல ஹெல்மெட்ட மாட்டிட்டா ரோடு போட்டவங்க பொறுப்பு முடிஞ்சிடும், அடிபட்டா "ஹெல்மெட் போட்டியா"ன்னு அவனையே கேக்கலாம், இதுதான் எனக்கு இந்த சட்டத்துல ரொம்ப கோவம் வர்ற விஷயம். நஷ்டஈடு கேஸ்லயும் அது போய் நிக்கும், ஹெல்மெட் இல்ல, அவன் தப்பும் இருக்குன்னு தொகையக் குறைக்க வக்கீல் கேப்பாரு.

ஒரு இடத்துல மட்டும் நான் கட்டாயத்துக்கு ஒத்துக்குவேன், அதுவும் அரசாங்கத்து மேல. தமிழ்நாட்டுல அரசு, அரசு உதவி பெறும் ஸ்கூல்ல பிளஸ் ஒன் படிக்கற பசங்களுக்கு விலையில்லா சைக்கிள் குடுக்கறாங்க. எவ்ளோ நல்ல திட்டம், அணைக்கட்டு, பேரணாம்பட்டு பக்கம் பஸ்ஸு இல்லாத ஊருல இருந்து பொண்ணுங்க அதுலதான் ஸ்கூலுக்கு வருது. வண்டியக் குடுக்கற அரசாங்கம் அதோட ஒரு ஹெல்மெட்டயும் பின்னாடி லைட்டயும் குடுக்கணும். லட்சக்கணக்குல டெண்டர் போட்டா ஒரு ஹெல்மெட்டோட விலை கடை விலைல இருந்து நல்லா இறங்கும். கிளாஸ்ல நாப்பது பேரும் போட்டா யாரும் யாரையும் கேலி பண்ண முடியாது, பசங்க ஹெல்மெட் போடாததுக்கு பாதி காரணம் அதுதான். போடாம வந்தா ஃபைன் இல்ல, திட்டு இல்ல, பி.இ.டி. சாரு கேட்ல நின்னு ஞாபகப்படுத்தினா போதும்.

இன்னொரு கூட்டத்துக்கு சட்டமே வரலாம்னு தோணுது. 250 வாட்டுக்குக் கீழ மோட்டார், 25 கிலோமீட்டருக்குக் கீழ வேகம்னா அது மோட்டார் வாகனம் இல்லன்னு விதி இருக்கு, அதனால பாக்க ஸ்கூட்டி மாதிரியே இருக்கற சின்ன எலெக்ட்ரிக் வண்டிங்களுக்கு லைசென்ஸும் வேணாம், ஹெல்மெட்டும் வேணாம். எட்டாங்கிளாஸ் பையன் தங்கச்சிய பின்னாடி உக்கார வெச்சு டியூஷன் போறான். மிதிக்காம ஓடற எதுக்கும் ஹெல்மெட் கட்டாயம்னு வெச்சா யாரு பொழப்பும் கெடாது. ஞாயித்துக்கிழமை கிளப் சைக்கிள்ல ஏலகிரி ஏறி, அந்த பதினாலு கொண்டை ஊசி வளைவுல இறங்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அவங்க ஏற்கனவே போட்டிருக்காங்க.

வெயில் பத்தி கேப்பாங்க, வேலூர் மே மாசத்துல எவன் போடுவான்னு. சைக்கிள் ஹெல்மெட் கால் கிலோ முப்பது கிராம் முன்னப்பின்ன, மேல ஓட்டை ஓட்டையா காத்து போற மாதிரிதான் இருக்கும், பைக்கு ஹெல்மெட்ட சைக்கிளுக்குப் போடாதீங்க, வெயிட்டுல கழுத்து வலிக்கும், சூட்டுல மயக்கம் வரும். உள்ள ஒரு மெல்லிசு காட்டன் துணி கட்டிக்கலாம், மொத்தமா துண்டு சுத்தினா ஃபிட் போயிடும். ரெட்டை ஜடை பிரச்சினை இல்ல, கழுத்துக்குக் கீழ வந்துடும், உச்சிக் கொண்டையும் உச்சியில வெச்ச பூவும்தான் ஹெல்மெட்ட மேல தூக்கிடும், பூவ கீழ எறக்கி வெச்சுக்கோங்க. முன் விளிம்பு புருவத்துக்கு மேல ரெண்டு விரல் கடை இருக்கணும், பின்னாடி சாய்ச்சுப் போட்டா நெத்தி மொத்தமும் வெளிய. வார் ரெண்டும் காதுக்குக் கீழ சேரணும், தாடைக்கடில ஒரு விரல் நுழையற அளவு இறுக்கம். ஒரு தடவ பலமா மோதினா வெளிய விரிசல் தெரியலன்னாலும் மாத்திடுங்க, நசுங்கின தெர்மாகோல் திரும்ப எழும்பாது.

அக்கா, உங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சட்டம் வேணும்னு எழுதறதுக்குப் பதிலா, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்வு நாள்ல ஒரு மனு குடுங்க, ஆபீஸே சத்துவாச்சாரிலதான் இருக்கு. மனுல மூணு விஷயம் போதும். தம்பி விழுந்த எடம், எந்தக் கடைக்கு எதிர்லன்னு போட்டு, அங்க மண்ண அள்ளி எதிர்ல வர்ற வண்டிய தடுக்கணும்னு கேளுங்க. ஸ்கூல் இருக்கற தெருவுல 30 கிலோமீட்டர் போர்டும் வேகத்தடையும் கேளுங்க. விலையில்லா சைக்கிளோட ஹெல்மெட், லைட் சேத்துக் குடுக்கணும்னு கேளுங்க, இத உங்க பக்கத்து அரசு ஸ்கூல் மேலாண்மைக் குழுவுலயும் தீர்மானமா போடச் சொல்லலாம். போட்டோ எடுத்து ஒட்டி, மனு நம்பர் இருக்கற ரசீதக் கேட்டு வாங்கிக்கோங்க. தம்பிக்கு தையல் பிரிச்சு டாக்டர் சரின்னு சொன்னதுக்கு அப்புறமா சைக்கிள குடுங்க, ஹெல்மெட்டோட.